சிறுநீரக நோயாளருக்கு வீட்டில் வறுக்கும் கொண்டைக்கடலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கும் வீடுகளில் மாலை நான்கு மணி ஒரு சங்கடமான நேரம். மிக்சரில் உப்பு, பிஸ்கட்டில் சோடா, வாழைப்பழத்தில் பொட்டாசியம் என்று ஒவ்வொன்றாக விலக்கியபின் தட்டில் வைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அந்த இடத்தை நிரப்ப வறுத்த கொண்டைக்கடலை உதவுமா, எப்படிச் செய்தால் உதவும் என்பதை ஒட்டிய கேள்விகளும் பதில்களும் கீழே உள்ளன. இவை பொதுவான தகவல்கள். உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்திருக்கும் மருத்துவரோ டயட்டீசியனோ வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே செல்லும்.

கேள்வி: பருப்பு, கடலை எதுவுமே கூடாது என்றல்லவா சொல்வார்கள்? சிறுநீரக நோயாளர் கொண்டைக்கடலை சாப்பிடலாமா?

நெடுங்காலம் அப்படித்தான் சொல்லப்பட்டு வந்தது. பருப்பு வகைகளில் புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் மூன்றும் உண்டு என்பதால் மூன்றையும் ஒரே வீச்சில் குறைக்க அவற்றை அடியோடு நிறுத்துவது எளிய வழியாகத் தோன்றியது. இன்றைய பார்வை சற்று மாறியிருக்கிறது. கே.டி.ஐ.ஜி.ஓ. என்னும் பன்னாட்டுச் சிறுநீரக அமைப்பு 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, விலங்கு உணவைவிடத் தாவர உணவின் பங்கு கூடுதலாகவும், ஆலையில் பலமுறை பதப்படுத்தப்பட்ட உணவின் பங்கு குறைவாகவும் இருக்கும் உணவுமுறையையே ஊக்குவிக்கிறது.

பாஸ்பரஸ் விஷயத்தில் இதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. கடலையில் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் நொதி மனிதக் குடலில் போதிய அளவு இல்லாததால், இறைச்சியிலிருந்தும் பாலிலிருந்தும் உடம்பில் சேரும் அளவுக்குக் கடலையிலிருந்து சேர்வதில்லை. பொட்டலத் தின்பண்டங்களிலும் கோலா பானங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளோ ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சப்பட்டுவிடும். ஆக, கடலைக்குப் பயந்து பொட்டலத்தில் அடைத்த சீஸ் பிஸ்கட்டுக்குப் போகிறவர் நல்லதை விட்டுக் கெட்டதைப் பிடிக்கிறார்.

இதை எல்லாருக்கும் பொதுவான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே உயர்ந்திருப்பவருக்குக் கணக்கு வேறு. அது பின்னால் வருகிறது.

கேள்வி: கடலையை நன்றாக வறுத்துவிட்டால் பொட்டாசியம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. பொட்டாசியமும் பாஸ்பரஸும் கனிமங்கள். அடுப்புச் சூட்டில் அவை ஆவியாகிப் போவதில்லை. வறுக்கும்போது வெளியேறுவது தண்ணீர் மட்டுமே. வேகவைத்த கொண்டைக்கடலையின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் தண்ணீர்தான். அது வற்றியபின் 40 கிராம் கடலை 20 கிராமுக்குச் சற்று முன்பின்னாகச் சுருங்குகிறது, ஆனால் அதனுள் இருந்த கனிமமும் புரதமும் அப்படியே இருக்கின்றன. எனவே, ஒரே எடைக்கு ஒப்பிட்டால் வறுத்த கடலையில் வேகவைத்ததைவிட எல்லாமே செறிவு கூடியதாகத்தான் இருக்கும்.

இந்தத் தின்பண்டத்தைச் சிறுநீரகத்துக்கு ஏற்றதாக ஆக்குகிற வேலை முழுவதும் வாணலி அடுப்பில் ஏறுவதற்கு முன்பே நடந்து முடிய வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டுவது, வெந்த தண்ணீரைக் கொட்டுவது, உப்பைத் தவிர்ப்பது, அளவை வேகவைத்த நிலையிலேயே அளந்து பிரித்துவிடுவது ஆகிய நான்கும் நடந்துவிட்டால் வறுப்பது வெறும் மொறுமொறுப்புக்காகத்தான். இந்த நான்கும் நடக்காவிட்டால் எத்தனை விலையுயர்ந்த ஏர் பிரையரில் வறுத்தாலும் பயனில்லை.

கேள்வி: ஒரு வேளைக்கு எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்?

உப்பின்றி வேகவைத்து வடித்த கடலையில் கால் கப், அதாவது ஏறக்குறைய 40 கிராம், ஒரு வேளைக்குத் தொடக்க அளவாகக் கொள்ளத்தக்கது. நடுத்தர அளவுள்ள வெள்ளைக் கடலையானால் எண்ணிக்கையில் நாற்பதுக்கு அக்கம்பக்கம் வரும். அதில் ஏறக்குறைய 65 கலோரி, 3.5 கிராம் புரதம், 120 மில்லிகிராம் பொட்டாசியம், 70 மில்லிகிராம் பாஸ்பரஸ், 3 கிராம் நார்ச்சத்து இருக்கும். சோடியம் 3 மில்லிகிராமைத் தாண்டாது. தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைத்தால் பொட்டாசியம் இதைவிடவும் குறையும்.

இந்த 3.5 கிராம் புரதத்தை அன்றைய மொத்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். டயாலிசிஸ் தொடங்காத, சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரையுள்ளவர்களுக்கு அதே 2024 வழிகாட்டி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்ற அளவைச் சொல்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 48 கிராம். சிலருக்கு மருத்துவர் இதைவிடக் குறைவாகவும் வகுத்திருப்பார். மதியம் இரண்டு கரண்டி சாம்பாரும், இரவு முட்டையும் உண்டு என்றால் கடலைக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தட்டில் வைக்க வேண்டும். கடலை சேரும் நாளில் சாம்பாரை ஒரு கரண்டி குறைத்துக்கொள்வது நடைமுறையில் எளிது.

கேள்வி: வெள்ளைக் கொண்டைக்கடலையா, கறுப்புக் கொண்டைக்கடலையா?

இரண்டும் ஒரே பயிரின் இரு வகைகள்தாம். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. வெள்ளைக் கடலைக்குத் தோல் மெல்லியது, தண்ணீர் உள்ளே எளிதாகப் போய்வரும், வறுத்தால் ஓடுபோல மொறுமொறுப்பாகும். கறுப்புக் கடலையின் தோல் தடிப்பாக இருப்பதால் வீட்டு அடுப்பில் வறுத்தால் கடிக்கக் கடினமாகிவிடுவது உண்டு. பல் கட்டியிருக்கும் முதியவர்களுக்கு வெள்ளையே நல்லது. கறுப்புக் கடலையின் வாசம்தான் வேண்டும் என்பவர்கள் அதைக் கூடுதலாக இரண்டு விசில் வைத்து வேகவிட வேண்டும்.

கேள்வி: ஊறவைப்பதையும் வேகவைப்பதையும் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

கால் கப் காய்ந்த கடலை, அதாவது 50 கிராம், வேகவைத்தபின் ஏறக்குறைய 115 கிராமாகப் பெருகி மூன்று பங்குக்கு வரும். இரண்டு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளும் பண்டம் இது இல்லையாதலால் முதலில் இந்தச் சிறிய அளவில் செய்வதே நல்லது.

கடலையைக் கல், சொத்தை நீக்கி இரண்டு மூன்று முறை கழுவி, நிறையத் தண்ணீரில், அதாவது கடலையைப் போல் ஐந்து மடங்குக்குக் குறையாத தண்ணீரில், இரவு முழுவதும் ஊறவையுங்கள். கடலை மூழ்கினால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. கடலைக்குள் இருக்கும் பொட்டாசியம் தண்ணீருக்குள் இறங்க வேண்டுமானால் இறங்குவதற்கு இடம் வேண்டும். படுக்கப்போகும் முன் ஒருமுறை தண்ணீரை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. கோடைக் காலத்தில் சமையலறைச் சூட்டில் பத்து மணி நேரத்துக்கு மேல் வைத்தால் மேலே நுரை கட்டிப் புளித்த வாடை வந்துவிடும். அப்போது குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஊறவிடலாம்.

காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, கழுவி, புதிய தண்ணீர் ஊற்றித் திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். மேலே எழும் வெண்ணுரையோடு அந்தத் தண்ணீரையும் வடித்துவிட்டு, மறுபடியும் புதிய தண்ணீரில் குக்கரில் ஏற்றுங்கள். உப்பு போடாதீர்கள். வெள்ளைக் கடலைக்கு மூன்று நான்கு விசிலும், அதன்பின் ஐந்து நிமிடச் சிறுதீயும் பொதுவாகப் போதும். பழைய கடலையானால் கூடுதலாக ஆகும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் தானாகப் பிளந்து கூழாகியிருக்கக் கூடாது. ஆவி அடங்கியதும் உடனே வடித்துவிடுங்கள். வெந்த தண்ணீரிலேயே ஆறும்வரை கிடந்தால் இறங்கியது ஓரளவு திரும்பவும் ஏறிக்கொள்ளும்.

சுண்டல் வைக்கும் வீடுகளில் கடலை வெந்த தண்ணீரை வீணாக்காமல் ரசத்துக்கோ குழம்புக்கோ ஊற்றுவது பழக்கம். சிறுநீரக நோயாளர் சாப்பிடும் ரசத்தில் மட்டும் அது வேண்டாம். நாம் கடலையிலிருந்து பாடுபட்டு வெளியேற்றியது அதில்தான் இருக்கிறது. வீட்டில் மற்றவர்களுக்குத் தனியாக ரசம் வைத்தால் அதில் சேர்க்கலாம், இல்லையேல் ஆறவைத்துச் செடிக்கு ஊற்றலாம்.

கேள்வி: வறுக்கும் முறை என்ன? மொறுமொறுப்பு வரவே மாட்டேன் என்கிறது.

மொறுமொறுப்பு வராததற்கு முதல் காரணம் ஈரம். வடித்த கடலையைப் பருத்தித் துண்டில் பரப்பி, மேலே இன்னொரு மடிப்பைப் போட்டு மெல்ல உருட்டித் துடையுங்கள். கழன்று வரும் தோல்களைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அவை கடலைக்கு முன்பே கருகிக் கசப்பேற்றும். பிறகு மின்விசிறிக்கு அடியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். கையில் எடுத்தால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது.

இந்தக் கட்டத்தில்தான் அளந்து பிரிக்க வேண்டும். மொத்தத்தையும் மூன்று சம பங்காகத் தனித்தனித் தட்டில் பிரித்து வைத்துவிட்டு அவரவருக்கு உரியதைத் தனியாக வறுக்கலாம். சேர்த்தே வறுத்தால் வறுத்து முடித்தபின் மூன்றாகப் பங்கிட்டுச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டுவிட வேண்டும். பெரிய டப்பாவில் போட்டுத் தொலைக்காட்சிக்கு முன் வைத்தால் அளவு என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

ஓவன் உள்ளவர்கள் அதை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, கடலையில் ஒரு பங்குக்குக் கால் தேக்கரண்டி எண்ணெய் புரட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தட்டில் பரப்பி 30 முதல் 40 நிமிடம் வைக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டை வெளியே எடுத்துக் குலுக்க வேண்டும். தொடக்கத்தில் தட்டைக் குலுக்கினால் கடலை சத்தமில்லாமல் நகரும். ஈரம் போகப்போகக் கலகலவென்று ஓசை எழும். அந்த ஓசை வந்தபின் ஒன்றை எடுத்து ஆறவைத்துக் கடித்துப் பாருங்கள். சூட்டில் மெத்தென்று இருப்பது ஆறினால் மொறுக்கும் என்பதால் சூடாகக் கடித்துத் தீர்மானிக்க வேண்டாம். அடுப்பை அணைத்தபின் கதவைச் சற்றே திறந்து வைத்துக் கடலையை உள்ளேயே பத்து நிமிடம் விட்டால் எஞ்சிய ஈரமும் போகும். ஏர் பிரையரில் 190 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் போதும். மைக்ரோவேவ் இதற்கு ஏற்றதில்லை. ஓரிடம் கருகி ஓரிடம் ரப்பர்போல நிற்கும்.

கேள்வி: வீட்டில் ஓவன் இல்லை. வாணலியில் முடியாதா?

தாராளமாக முடியும். அடி கனத்த இரும்பு வாணலியைக் காயவைத்து, எண்ணெய் தடவி, ஒரு தடவைக்கு ஒரு பங்கு மட்டும் போட்டு, தீயை நடுத்தரத்துக்கும் கீழே வைத்து 20 முதல் 25 நிமிடம் விடாமல் கிளற வேண்டும். பொறுமையில்லாமல் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும். நடுவில் ஒன்றிரண்டு கடலை பட்டென்று வெடித்துத் தெறிக்கும்; முகத்தை வாணலிக்கு மேலே கொண்டுபோகாமல், ஒரு மூடியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பைக் காயவைத்து அதில் கடலையைப் போட்டு வறுக்கும் முறையை இங்கே பின்பற்ற வேண்டாம். சல்லடையில் எத்தனை சலித்தாலும் தோலின் மடிப்புகளில் உப்பு ஒட்டிக்கொண்டுதான் வரும்.

கேள்வி: உப்பே போடாமல் எப்படிச் சாப்பிடுவது? வாயில் வைக்க முடியாது என்கிறார்கள்.

கணக்கை முதலில் பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனமும் சிறுநீரக வழிகாட்டிகளும் சொல்லும் எல்லை நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள். ஒரு மட்டமான தேக்கரண்டி உப்பிலேயே ஏறக்குறைய 2,300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. இட்லி மாவு, சட்னி, சாம்பார், ரசம், பொரியல் என்று ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகச் சேர்ந்து அந்த எல்லை மதியத்துக்குள் தீர்ந்துபோவதே நம் வீடுகளில் வழக்கம் என்பதால், மாலைத் தின்பண்டத்தில் உப்பைத் தவிர்ப்பது பெரிய உதவி.

உப்பு இல்லாத இடத்தைப் புளிப்பும் காரமும் வாசமும் சேர்ந்து நிரப்பும். ஒரு பங்குக்கு வறுத்துப் பொடித்த சீரகம் கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் இரண்டு சிட்டிகை, மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை, பூண்டுத்தூள் ஒரு சிட்டிகை என்பது நல்ல தொடக்கம். நான்கைந்து கறிவேப்பிலையை அதே வாணலியில் மொறுமொறுப்பாக்கிக் கையால் நொறுக்கிப் போட்டால் வீடே மணக்கும். பொடிகளைக் கடலை அடுப்பிலிருந்து இறங்கியதும், சூடு இருக்கும்போதே சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் மிளகாய்த்தூள் கருகி நெஞ்சைப் பிடிக்கும். சாப்பிடும் நேரத்தில் நான்கு துளி எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நாக்கு உப்பைத் தேடுவது பாதியாகக் குறையும். நான்கு துளியில் இருக்கும் பொட்டாசியம் பொருட்படுத்தத் தக்கதில்லை. ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறாகக் குடித்தால்தான் கேள்வி எழும்.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலாவது சாட் மசாலா. அதில் கறுப்பு உப்பு பெரும்பங்காக இருக்கும். கடையில் வாங்கும் மசாலாப் பொடிகள் சிலவற்றில் உப்பு கலந்திருப்பதால் உறையின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். அஜினோமோட்டோவிலும் சோடியம் உண்டு. தக்காளிப் பொடி பொட்டாசியம் நிறைந்தது. மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை சமையலுக்குச் சரிதான். ஆனால் நல்லது என்று கேள்விப்பட்டு மஞ்சள் மாத்திரையாக விழுங்குவது வேறு விஷயம், அதன் ஆக்சலேட் சிறுநீரகத்தைக் கெடுத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

கேள்வி: இந்துப்பு சேர்க்கலாமா? சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறார்களே, அது?

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும் மாறுமே தவிர சிறுநீரகத்துக்கு அதுவும் உப்புதான்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதில் இன்னும் கவனம் தேவை. சோடியத்தைக் குறைத்த இடத்தில் அவற்றில் சேர்க்கப்படுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் ஒருவரின் இரத்த அழுத்தத்துக்கு அது உதவக்கூடும். பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாதவருக்கு, அதிலும் இரத்த அழுத்தத்துக்காக ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு, அதே உப்பு இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும் அளவுக்கு இரத்தப் பொட்டாசியத்தை உயர்த்திவிடலாம். வீட்டில் வேறு யாருக்காவது அந்த உப்பு வாங்கியிருந்தால் புட்டியை அடையாளம் எழுதித் தனியே வையுங்கள்.

கேள்வி: கடலை சீக்கிரம் வேக ஆப்பசோடா போடலாமா?

வேண்டாம். ஆப்பசோடா என்பது சோடியம் பைகார்பனேட். ஒரு தேக்கரண்டியில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. மருத்துவர் சிலருக்கு இதையே மாத்திரையாக எழுதிக்கொடுப்பதைக் காட்டி வாதம் செய்வார்கள். அது இரத்தத்தின் அமிலத்தன்மையைப் பார்த்து அளவிட்டுக் கொடுக்கும் மருந்து. இரவு முழுக்க ஊறிய கடலைக்குச் சோடா தேவையும் இல்லை.

கேள்வி: இவ்வளவு வேலை எதற்கு? கடையில் உப்புக்கடலையும் பொட்டுக்கடலையும் கிடைக்கின்றனவே.

கடை உப்புக்கடலை ஈரப்படுத்திய கடலையைச் சூடான மணலிலோ உப்பிலோ பொரித்து எடுப்பது. உப்பு நீரும் மஞ்சளும் தெளித்திருப்பார்கள். உப்பு ஒருபக்கம் இருக்கட்டும், அந்தக் கடலை தண்ணீரில் வெந்து வடிக்கப்பட்டதே இல்லை. காய்ந்த கடலையில் இருந்த பொட்டாசியம் முழுவதும் அதில் அப்படியே இருக்கிறது. 40 கிராம் உப்புக்கடலை, அதாவது ஒரு சிறிய காகிதப் பொட்டலம், ஏறக்குறைய 300 மில்லிகிராம் பொட்டாசியமும் 8 கிராம் புரதமும் கொண்டது. வீட்டில் செய்த ஒரு பங்கைப் போல் இரண்டரை மடங்கு.

பொட்டுக்கடலையும் அதே முறையில் பொரித்துத் தோல் நீக்கியதுதான். உப்பில்லாமல் கிடைக்கும் என்பது அதன் நல்ல குணம். சட்னியில் ஒரு தேக்கரண்டி சேர்வதால் குடி முழுகிப்போகாது. கைப்பிடி கைப்பிடியாக மெல்லுவதுதான் கணக்கைக் குலைக்கும். ஆயுத பூஜை நாளில் பொரியும் கடலையும் கைக்கு வரும்போது பொரியைக் கூடுதலாகவும் கடலையைக் குறைவாகவும் எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் அந்தப் பொரியிலும் உப்புப் பொரி உண்டு, பார்த்து எடுங்கள்.

கடலைமாவு தோய்த்து எண்ணெயில் பொரித்த மசாலாக் கடலையைப் பற்றி விவாதிக்கவே தேவையில்லை.

பொட்டலமாக வாங்கியே தீரவேண்டிய நிலை வந்தால், உறையில் 100 கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். சேர்மானப் பட்டியலில் பாஸ்பேட் என்ற சொல்லோ, 338 முதல் 341 வரையிலான எண்களோ, 450 முதல் 452 வரையிலான எண்களோ இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கிறோம். டின்னில் வரும் கொண்டைக்கடலையைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். ஏற்கெனவே வெந்து தண்ணீரில் கிடந்ததால் டின் கடலையில் பொட்டாசியம் வீட்டில் ஒருமுறை வேகவைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும். சோடியம்தான் சிக்கல். உப்பு சேர்க்காதது என்று எழுதிய டின்னைத் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால், டின்னிலுள்ள நீரை முழுவதும் வடித்து, குழாய் நீரில் ஒரு நிமிடம் அலசினால் சோடியத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் போய்விடும்.

கேள்வி: டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இதே அளவுதானா?

டயாலிசிஸ் தொடங்கியதும் புரதக் கணக்கு தலைகீழாக மாறுகிறது. சிகிச்சையில் புரதம் இழக்கப்படுவதால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படுகிறது. அதற்கு முன் புரதத்தைக் குறைத்தே பழகியவர்கள் இதை மனத்தில் வாங்கிக்கொள்ளச் சற்றுக் காலம் ஆகும். ஆனால் பொட்டாசியமும் பாஸ்பரஸும் தளர்வதில்லை. வாரத்துக்கு மூன்று முறை செய்துகொள்பவருக்கு நடுவில் ஒரு நீண்ட இடைவெளி விழும். அந்த இரண்டு நாளில் சேரும் பொட்டாசியம்தான் மிகுந்த ஆபத்துக்குரியது என்பதால், கடலையை அந்த இடைவெளியில் தவிர்த்து மற்ற நாள்களில் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை எடுப்பவர்கள் அது உணவோடு சேர்த்து விழுங்கவேண்டிய மருந்து என்பதை அறிவார்கள். மாலைக் கடலைக்கும் சேர்த்து வேண்டுமா என்று உங்கள் டயாலிசிஸ் மையத்திலேயே கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களுக்கு உப்பில்லாத கடலை என்பது இன்னொரு விதத்திலும் முக்கியம். உப்பிட்ட உலர்ந்த பண்டம் தாகத்தைக் கிளப்பும். தாகத்துக்குக் குடித்த தண்ணீர் அடுத்த சிகிச்சைக்குள் உடல் எடையாக ஏறி நிற்கும். காரத்தையும் இதே காரணத்துக்காக அளவோடு வையுங்கள்.

வயிற்று வழி டயாலிசிஸில் பொட்டாசியம் நாள்தோறும் வெளியேறிக்கொண்டிருப்பதால் பலருக்குக் கட்டுப்பாடு இவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. அவர்களுக்குப் பரிசோதனை முடிவே வழிகாட்டி.

கேள்வி: சர்க்கரை நோயும் சேர்ந்தே இருக்கிறது.

கொண்டைக்கடலை இரத்தச் சர்க்கரையை மெதுவாகவே உயர்த்தும் உணவு. அந்த வகையில் பிஸ்கட், ரஸ்க்கைவிட நல்ல தேர்வு. நார்ச்சத்தால் மலச்சிக்கலும் குறையும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியத்தின் ஒரு பகுதி குடல் வழியே வெளியேறுவதால் இது சிறிய நன்மையில்லை. ஆனால் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்து நடுங்கும் நேரத்தில் கடலையைக் கொடுக்காதீர்கள். அப்போது வேண்டியது சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ. ஆரஞ்சுச் சாறு பொட்டாசியம் மிகுந்தது.

கேள்வி: யூரிக் அமிலம் உள்ளவர்கள்?

இறைச்சி, மீன், மது ஆகியவை கீல்வாதத்தைத் தூண்டும் அளவுக்குப் பருப்பு வகைகள் தூண்டுவதில்லை. மேலே சொன்ன கால் கப் அளவில் பெரும்பாலோருக்குத் தடையில்லை. சிறுநீரகக் கல் உள்ளவர்களின் உணவுமுறை கல்லின் வகையைப் பொறுத்தது. அவர்கள் இந்தப் பக்கத்தைக் கொண்டு முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: வாயுத் தொல்லை வருகிறது.

தண்ணீரை இருமுறை மாற்றி வேகவைப்பதிலேயே வாயுவை உண்டாக்கும் மாவுச்சத்துக் கூறுகளும் ஓரளவு இறங்கிவிடும். பெருங்காயத்தை எண்ணெயில் பொரித்துச் சேர்ப்பதில் தடையில்லை. முதல் வாரம் பாதிப் பங்கோடு தொடங்கி, நன்றாக மென்று சாப்பிட்டால் வயிறு பழகிக்கொள்ளும்.

கேள்வி: எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

உள்ளே சிறிது ஈரம் எஞ்சியிருப்பதால் இது கடை உப்புக்கடலைபோல மாதக்கணக்கில் நிற்காது. முழுவதும் ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள். மழைக்காலத்தில் மறுநாளே நமத்துவிடும். நமத்ததை வாணலியில் ஐந்து நிமிடம் புரட்டினால் மீளும். பிசுபிசுப்போ புளித்த வாடையோ தெரிந்தால் யோசிக்காமல் எறியுங்கள். அடிக்கடி செய்பவர்கள், வேகவைத்து உலர்த்திய கடலையைக் கால் கப் அளவாகச் சிறு பைகளில் பிரித்து உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டு, வேண்டும் நாளில் ஒரு பையை மட்டும் எடுத்து வறுப்பது வசதி, அளவும் தவறாது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருப்பதால் அன்றன்று வறுத்ததையே சாப்பிட வேண்டும். வண்டிக்கடைச் சுண்டலைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: யார் இதைத் தொடவே கூடாது? எப்போது நிறுத்த வேண்டும்?

அண்மைப் பரிசோதனையில் இரத்தப் பொட்டாசியம் லிட்டருக்கு 5.5 மில்லிமோலைத் தாண்டியவர்கள், அது மருந்தாலும் உணவாலும் இறங்கி மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தொடக் கூடாது. பொட்டாசியம் 5.0-க்கும் 5.5-க்கும் இடையில் இருப்பவர்கள் டயட்டீசியனைக் கேட்டபின் தொடங்க வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் இருக்கும் நாள்களில் சிறுநீரகத்தின் வேலைத்திறன் சட்டென்று குறையக்கூடும் என்பதால் அந்த நாள்களில் விட்டுவிடுங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மொறுமொறுப்பான முழுக் கடலை தொண்டையில் சிக்கும். அவர்களுக்கு உப்பில்லாமல் வேகவைத்து மசித்துக் கொடுப்பதே முறை.

பொட்டாசியம் உயர்வது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் நடக்கும். ஆகவே இந்தத் தின்பண்டத்தைப் புதிதாகத் தொடங்குபவர்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்ற கணக்கில் வைத்துக்கொண்டு, அடுத்த பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகே கூட்டுவதா நிறுத்துவதா என்று தீர்மானிக்க வேண்டும். கை கால் திடீரெனத் துவண்டுபோவது, நெஞ்சு தாறுமாறாகத் துடிப்பது, மயக்கம் வருவது ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே முதலில் இ.சி.ஜி. எடுப்பார்கள், சிறுநீரக நோய் இருப்பதையும் எடுத்துக்கொள்ளும் மருந்துகளையும் உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடுங்கள்.